உப்பு டப்பாவைக் கவிழ்க்காத நாள்

என்னை வழியனுப்பிய அன்று கிச்சன் ஆட்கள் கேக் வெட்டினார்கள், சால்வை போட்டார்கள். பிறகு ஒருத்தன் கேட்டான்: "பாய், இத்தன வருஷத்துல நீங்க போட்டதுலயே படு கேவலமான பீட்சா எது? மறைக்காம சொல்லணும்." எல்லோரும் சிரித்தார்கள். நித்யா மட்டும் சிரிக்கவில்லை. எனக்குப் பிறகு மாஸ்டராக வந்திருப்பவள் அவள். அவளுக்குப் பாதிக் கதை தெரியும். நான் கை கழுவும் சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பதிலை இப்போது எழுதுகிறேன். சிரிக்க இதில் ஒன்றும் இல்லை.

குவைத்தில் எட்டு வருஷம் இருந்தேன். முதல் இரண்டு வருஷம் தட்டு கழுவினேன். பிறகு மாவு பிசையவிட்டார்கள். அங்கே கற்றதாகச் சொல்ல அதிகம் இல்லை. சூடு தாங்கக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பியபோது மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஈசிஆர் ஓரமாக ஒரு ரெஸ்டாரன்ட் திறந்தார்கள். முன்பக்கம் ரோடு. பின்பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல், அதற்கு வெளியே உப்பளம். அங்கே என்னை வேலைக்குச் சேர்த்தவர் லூர்து மாஸ்டர், பாண்டிச்சேரிக்காரர். தொழில் எனக்குத் தெரியும் என்றால் அது அவர் போட்ட பிச்சை.

அவர் கத்த மாட்டார். கெட்ட வார்த்தை பேச மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நம் பக்கத்தில் வந்து நிற்பார். அதுவே போதும். அவருக்கு மூன்று சட்டங்கள் இருந்தன.

முதல் சட்டம் உப்பு டப்பா. பீட்சா மாவில் உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். மாவு, தண்ணீர், ஈஸ்ட் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் பிசைந்த பிறகு, கிலோவுக்கு இருபது கிராம். அது குறைந்தால் சப்பென்று இருக்கும். கூடினால் ஈஸ்ட் செத்துப்போகும், மாவு எழும்பாது. கிச்சனில் நாலு பேர் நடமாடுவார்கள். ஒருத்தன் போட்டது இன்னொருத்தனுக்குத் தெரியாது. அதனால் உப்பைப் போட்டவன் மூடியைத் திருகி, டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். கவிழ்ந்திருந்தால் உப்பு விழுந்துவிட்டது. நிமிர்ந்திருந்தால் இன்னும் விழவில்லை. கேள்வி கேட்கவே தேவையில்லை. அடுத்த மாவுக்குத் தண்ணீர் ஊற்றும்போதுதான் டப்பாவை நிமிர்த்தலாம்.

இரண்டாவது சட்டம்: ஒவ்வொரு மாவிலும் ஒரு துண்டைச் சும்மா சுட்டு, பிசைந்தவன் முதலில் தின்ன வேண்டும்.

மூன்றாவது சட்டம்தான் கொடுமை. தப்பாகப் போட்ட பீட்சாவைக் குப்பையில் போடக்கூடாது. போட்டவன் நின்றபடியே அதை முழுசாகத் தின்ன வேண்டும். நான் ஒரு தடவை நடுவில் வேகாமல் எடுத்துவிட்டேன். மாஸ்டர் அதை வெட்டி என் முன்னால் வைத்தார். கடைசித் துண்டு தொண்டையில் இறங்குகிறவரை நகரவில்லை.

"ருசிக்குதா காதரு?"

"இல்ல மாஸ்டர்."

"கஸ்டமருக்கு மட்டும் ருசிக்குமாப்பா?"

அதன் பிறகு என் கையிலிருந்து வேகாத மாவு வெளியே போனதில்லை. சில வருஷம் கழித்து நெஞ்சு சரியில்லை என்று அவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நான் மாஸ்டர் ஆனேன். முதல் இரண்டு சட்டங்களையும் அப்படியே வைத்துக்கொண்டேன். மூன்றாவதை விட்டுவிட்டேன். இந்தக் காலத்தில் யாரையும் நிற்கவைத்துத் தின்னவைத்தால் மறுநாள் வேலைக்கு வர மாட்டார்கள்.

பிரகாஷ் எங்கள் கஸ்டமர். இருபத்து மூன்று வயது. உப்பளத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் ஓட்டுகிறவன். சம்பளம் வாங்கிய மறுநாள் வருவான், தனியாக. வெங்காயம், பச்சை மிளகாய், சீஸ். வேறு எதுவும் வேண்டாம். பின்பக்க ஜன்னல் மேஜைதான் அவனுக்கு வேண்டும். காத்திருக்கப் பிடிக்காமல் முன்கூட்டியே எனக்குப் போன் போடுவான். அதனால் அவன் பேரை என் போனில் போட்டு வைத்திருந்தேன்.

ஒரு நாள், "அங்க இன்னாடா அப்பிடி பாக்கற? வெறும் வெள்ளை," என்றேன்.

"எங்கம்மா பாய். அதோ, பச்ச சட்டை போட்டுக்கிட்டு உப்பு வாருது பாருங்க."

பார்த்தேன். வெயிலில் நாலைந்து பெண்கள் கட்டையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை. முகம் தெரியவில்லை.

"பாய், ஒரு நாளு அதைக் கூட்டிட்டு வந்தா உள்ள வுடுவாங்களா?"

"ஏன் வுட மாட்டாங்க? கூட்டிட்டு வா. கால நல்லா கழுவிட்டு வரச் சொல்லு, வெள்ளை டைல்ஸு."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை.

ஒரு வைகாசி மாதம் காலையில் போன் போட்டான். "சாயங்காலம் வர்றேன் பாய். எப்பவும் போடறதுதான்." போட்டு வைத்தேன். வரவில்லை. பெட்டியிலேயே ஆறிப்போய் சீஸ் தோலாகிவிட்டது. திட்டிக்கொண்டே தூக்கிப் போட்டேன். அன்று மத்தியானமே அவன் செத்துவிட்டான். ஈர வரப்பில் நின்று மோட்டாரைத் தொட்டிருக்கிறான், கரண்ட் அடித்துவிட்டது. மறுநாள்தான் எனக்குச் சேதி தெரிந்தது.

பதினைந்தாம் நாள், பட்டப்பகலில், என் போன் அடித்தது. திரையில் பிரகாஷ்.

நான் பேய் பிசாசு நம்புகிறவன் இல்லை. ஆனால் அந்தப் பேரைப் பார்த்தபோது அடுப்புக்கு முன்னால் நின்ற எனக்கு முதுகு சில்லிட்டது. எடுத்தேன். முதலில் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு ஒரு பொம்பளைக் குரல்.

"பீட்சா பாய்ங்களா? நான் பிரகாஷ் அம்மா. அஞ்சலை. அவன் போன்ல கடசியா பேசனது உங்க கிட்டதான். நாளைக்குப் பதினாறாம் நாளு. அவனுக்குப் பிடிச்சதெல்லாம் வெச்சுப் படைக்கணும். அவன் உங்க கடையில துன்னுவானாமே. அதையே போட்டுக் குடுங்க பாய்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை, கடை லீவு. நானே வந்து போட்டுக் கொண்டுவருகிறேன் என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை கிச்சனில் நான் மட்டும்தான். ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம். ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்கள் வரிசையாக, மேலே பனையோலை போர்த்தியபடி இருந்தன. தினமும் பார்க்கிறவைதான். அன்றைக்கு அவை படுத்திருக்கிற ஆட்கள் மாதிரி இருந்தன. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் ஒரு கிலோ மாவைப் பிசைந்தேன். உப்பை எடை போட்டுப் போட்டேன். டப்பா மூடியைத் திருகினேன். கவிழ்க்கக் கையைத் திருப்பும்போது போன் அடித்தது. பிரகாஷ்.

டப்பாவை அப்படியே வைத்துவிட்டு எடுத்தேன்.

"பாய், சொல்ல மறந்துட்டேன். படையலுக்குன்றதால யாரும் வாயில வெக்கக் கூடாது. டேஸ்ட்டு பாக்காதீங்க, இன்னா?"

"சரிம்மா. பார்க்க மாட்டேன்."

திரும்பி வந்தேன். டப்பா நிமிர்ந்து நின்றது. நிமிர்ந்திருந்தால் உப்பு விழவில்லை. இத்தனை வருஷப் பழக்கம். யோசிக்கவே இல்லை. எடை போட்டேன், போட்டேன், கவிழ்த்தேன்.

மாவு சரியாக எழும்பவில்லை. இறுகிப்போய்க் கிடந்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். ஈஸ்ட் பழசு என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஒரு துண்டு சுட்டு வாயில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

உச்சி வெயிலில் ஸ்கூட்டரில் கொண்டுபோனேன். உப்பளத்துக்கு நடுவே மண்பாதை. இரண்டு பக்கமும் வெள்ளை, நிழல் என்று ஒன்று கிடையாது, கண்ணைத் திறக்க முடியவில்லை. பாதைக் கடைசியில் அவர்கள் வீடு. இருபது பேர் இருந்தார்கள்.

உள்ளே தலைவாழை இலையில் எல்லாம் வைத்திருந்தார்கள். ஆட்டுக்கறி, முட்டை, வடை, ஒரு கோல்ட்ரிங்ஸ் பாட்டில், சிகரெட் பாக்கெட். நடுவில் என் பீட்சாப் பெட்டியைத் திறந்து வைத்தார்கள். சுவரில் மாலை போட்ட படம். அதைப் பார்த்துத் திடுக்கிட்டேன். எங்கள் கடை ஜன்னல் மேஜையில் அவனே எடுத்துக்கொண்ட படம் அது. அவன் தோளுக்குப் பின்னால், அடுப்புப் பக்கம், ஏப்ரனோடு பாதி ஆள் நிற்கிறான். அது நான். என் தலை படச் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. என் நெஞ்சின்மேல் சாமந்தி மாலை தொங்கியது. யாரோ அவசரத்தில் குழைத்து வைத்த குங்குமத்தில் ஒரு சொட்டு என் கைமேல் வழிந்து காய்ந்திருந்தது.

கற்பூரம் காட்டினார்கள். கூரைமேல் காக்கைக்கு வைத்தார்கள். பீட்சாவிலும் ஒரு துண்டு வைத்தார்கள். கூப்பிட்டதும் ஒரே ஒரு காக்கை வந்தது. கறியைத் தொடவில்லை. பீட்சாவை எடுத்துக்கொண்டு உப்புக் குவியலுக்குப் போய் உட்கார்ந்தது. "எடுத்துட்டான், எடுத்துட்டான்" என்று அஞ்சலை அழுதாள்.

படைத்ததை நான் தின்பதில்லை. அது அவர்களுக்குத் தெரியும். எனக்கென்று தனியாக ஒரு சோடாவும் இரண்டு வாழைப்பழமும் வாங்கி வைத்திருந்தார்கள். மூடி திறக்காத சோடா. அந்த வீட்டில் அந்த நாளில் அதை நினைத்து வாங்கியிருக்கிறார்கள். அதைக் குடித்துக்கொண்டே அவர்கள் தின்பதைப் பார்த்தேன்.

பீட்சாவைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். மென்றார்கள். முகங்கள் ஒவ்வொன்றாக மாறின. ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பெண் சேலைத் தலைப்பை வாயில் பொத்தி விழுங்கினாள். யாரும் துப்பவில்லை. படையலைத் துப்பக்கூடாது. யாரும் ஒன்றும் சொல்லவும் இல்லை, ஏனென்றால் அங்கே ஒருத்தரும் அதற்கு முன்னால் பீட்சா தின்றதில்லை. இருபது பேரும் சத்தமில்லாமல் தாடையை அசைத்துக்கொண்டிருந்தார்கள். அழுகையால்தான் அப்படி என்று நினைத்தேன்.

அஞ்சலைதான் வாய் திறந்தாள். "இதையா எம்புள்ள ஆசையா துன்னான்?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"உப்பாவே இருக்குது பாய். நாள் முழுக்க உப்புல கெடந்துட்டு, காசு குடுத்து உப்பத் துன்னிருக்கான். இவ்ளோ கஷ்டமா இருக்குதே, அதான் எனக்கு வாங்கியாரல. அம்மா பாவம்னு வுட்டிருக்கான்." கையில் ஒட்டியிருந்ததையும் நக்கினாள்.

கடைக்குத் திரும்பினேன். மிச்சமிருந்த மாவு உருண்டையைத் தட்டிச் சுட்டேன். கடித்தேன். உப்பளத்துத் தண்ணீரை மொண்டு குடித்த மாதிரி இருந்தது, பல்லுக்கு மரப்பலகை. தொட்டியில் துப்பிவிட்டேன். ஆமாம், நான் துப்பினேன். மிச்சத்தைப் பின்பக்கம் சுவர்மேல் வைத்தேன். காக்கைகள் வந்து கொத்திப் பார்த்துவிட்டுப் போயின. இரண்டு நாள் அப்படியே கிடந்தது. அன்றைக்கு அந்த ஒரு காக்கை மட்டும் ஏன் எடுத்துக்கொண்டு போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று அன்று மாலையே கிளம்பினேன். பாதி வழியில் திரும்பிவிட்டேன். அந்தம்மா ஒரு சமாதானம் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள், அதை ஏன் உடைக்க வேண்டும் என்று நினைத்தேன். அது எனக்கும் வசதியாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்த அமாவாசை. பிரகாஷ் பேரில் போன். "அதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க பாய்." இந்தத் தடவை ஒழுங்காகப் போட்டுக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் மறுபடி அந்தப் பேர் திரையில் வந்தது.

"பாய், ஆள மாத்திட்டீங்களா? இது வேற எதுவோ. அவன் துன்னது இது இல்ல."

"இல்லம்மா..."

"எனக்குத் தெரியாதா? அன்னிக்கு அவனே வந்து எடுத்தானே. அது வேணும் எனக்கு."

அன்றிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் தனியாகக் கொஞ்சம் மாவு பிசைந்து உப்பை இரண்டு தடவை போட்டேன். தெரிந்தே, எடை பார்த்து. ஒரு நல்ல பீட்சாக்காரன் நாலு வருஷம் உலகத்திலேயே மோசமான பீட்சாவைச் சுத்தமாகப் போட்டான். நான் கொண்டுபோனால் வாசலில் வாங்கிக்கொள்வாள். கண்ணில் ஒற்றிக்கொள்வாள். படத்துக்கு முன்னால் வைப்பாள். சுவரில் தலையில்லாமல் நான் நின்றுகொண்டிருப்பேன். அமாவாசை நெருங்கினாலே போனைக் கவிழ்த்து வைக்கத் தொடங்கினேன்.

இந்த வருஷம் மாவு பிசைகிற வேலையே போய்விட்டது. கம்பெனி வண்டியில் உறைந்த உருண்டைகளாக வருகிறது. உப்பு, ஈஸ்ட் எல்லாம் எவனோ எங்கேயோ போட்டுவிட்டான். அளந்து போட்ட கைக்கு அங்கே இனி வேலை இல்லை. நானும் கிளம்ப வேண்டிய வயது. நித்யாவிடம் வேலையை ஒப்படைக்கும்போது அவள் கேட்டாள்.

"பாய், அமாவாசைக்கு ஒரு ஆர்டர் போவுதே, அது இன்னா? அதுக்கு மட்டும் ஏன் டப்பால உப்பு வாங்கி வெக்கிறீங்க?"

சொன்னேன். அவள் அந்த உப்பு டப்பாவை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். பிறகு, "என்னால அதைப் போட முடியாது பாய். நீங்களே அவங்களுக்குச் சொல்லிடுங்க," என்றாள். சின்னப் பெண், சரியாகச் சொன்னாள். நாலு வருஷம் எனக்கு வராத புத்தி.

அமாவாசைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை அஞ்சலையைக் கடைக்கு வரச் சொன்னேன். ஒழுங்காக மாவு பிசைந்து, டப்பாவைக் கவிழ்த்து, சுட்டுத் தின்று பார்த்து வைத்திருந்தேன். கதவருகே நின்று பார்த்தேன். பச்சைச் சட்டையோடு வந்தாள். வாசல் குழாயடியில் செருப்பை விட்டாள். பிறகு குனிந்து, யாரும் சொல்லாமலே, காலைக் கழுவினாள். குதிகால் வெடிப்பில் இருக்கிற வெள்ளை போகவில்லை என்று விரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நான் கதவை அகலத் திறந்து பிடித்தேன்.

ஜன்னல் மேஜையில் உட்காரவைத்தேன். முழுசையும் சொன்னேன். போன் வந்தது, டப்பா, இரண்டு உப்பு, நாலு வருஷம். குறுக்கே பேசாமல் கேட்டாள். சுடச்சுடப் புதுசை வைத்தேன். "இதான்மா அவன் தின்னது."

ஒரு துண்டு எடுத்தாள். மென்றாள். இன்னொரு வாய். சீஸ் நூலாக இழுத்தது, கையால் அறுத்துக்கொண்டாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

"நல்லா இருக்குதே," என்றாள். குரலே வேறாக இருந்தது. "இவ்ளோ நல்லா இருக்குதே பாய். அப்ப ஏன் என்னை ஒரு நாளும் கூட்டிட்டு வரல?"

ஜன்னலுக்கு வெளியே பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். தான் தினமும் நிற்கிற இடம் இங்கிருந்து எங்கே தெரியும் என்று அவளுக்குப் புரிந்திருக்கும். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"கேட்டாம்மா. உன்னைக் கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டான். கால நல்லா கழுவிட்டு வரச் சொல்லுன்னு நான்தான் சொன்னேன். வெளையாட்டாதான் சொன்னேன். அப்புறம் அவன் கேக்கல."

அஞ்சலை தன் கால்களைப் பார்த்தாள். ஈரம் இன்னும் காயவில்லை. வெள்ளை டைல்ஸில் வாசலிலிருந்து மேஜை வரை அவள் நடந்த தடம் இருந்தது. தட்டை மெதுவாக என் பக்கம் தள்ளினாள்.

"அந்தப் பழசையே போட்டுக் குடு பாய். அதுவே தேவலாம்."

"மாவு எழும்ப நேரமாகும்மா."

"இருக்கறேன்."

பிசைந்தேன். உப்பைப் போட்டேன். டப்பாவைக் கவிழ்க்கவில்லை. மறுபடியும் போட்டேன். மூன்று மணி நேரம் அவள் அந்த நாற்காலியை விட்டு அசையவில்லை. சுட்டுக் கொண்டுவந்து பெட்டியில் வைத்தேன். அவள் பெட்டியை மூடவில்லை. என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நீ துன்னு," என்றாள்.

நின்றபடியே தின்றேன். கடைசித் துண்டு இறங்குகிறவரை அவள் நகரவில்லை.